ஏறி இறங்கும் பாதையில் நாயோடு நடை: முழுமையான வழிகாட்டி

இரண்டு கிலோமீட்டர்தானே, அதிலும் பெரும்பகுதி தார் போட்ட பாதை, போய்வர ஒரு மணி நேரம்கூட ஆகாது என்ற நம்பிக்கையில்தான் பலரும் நாயைக் குன்றுப் பாதைகளுக்குக் கூட்டிப் போகிறார்கள். தூரத்தை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு சரி. ஆனால் ஏற்றத்தில் நாய்க்கு மூச்சு வாங்குகிறது, இறக்கத்தில் மூட்டுகள் அடி வாங்குகின்றன, வெயில் ஏறிய தார் பாதத்தைச் சுடுகிறது. இந்த மூன்றும் தூரக் கணக்கில் வராது.

இதில் இறக்கத்தைத்தான் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஏறும்போது நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதைப் பார்த்து நாமே நின்றுவிடுகிறோம். இறங்கும்போது அது உற்சாகமாக முன்னால் ஓடுகிறது. நமக்கும் கால் லேசாகிவிடுகிறது, கவனம் தளர்ந்துவிடுகிறது. நாய்க்கு அடிபடுவதும், பின்னால் இழுபட்டு வரும் மனிதர் சறுக்கி விழுவதும் அந்தப் பகுதியில்தான் அதிகம் நடக்கக்கூடியவை. அதனால் இந்த வழிகாட்டியில் இறக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

1. உங்கள் நாய் இதற்குத் தயாரா?

குட்டி நாயின் எலும்புகளின் முனைகளில் வளரும் பகுதி மிருதுவாக இருக்கும். சிறிய இனங்களில் அது ஏறக்குறைய ஒரு வயதுக்குள் கெட்டிப்பட்டுவிடும். பெரிய இனங்களில் ஒன்றரை வயதோ அதற்கு மேலோ ஆகலாம். அதுவரை செங்குத்தான இறக்கத்தில் ஓடவிடுவதும், படிகளில் குதிக்கவிடுவதும் வேண்டாம். குட்டி தன் போக்கில் முகர்ந்துகொண்டு, நினைத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு சிறிது தூரம் வருவதில் தவறில்லை. முழுச் சுற்றையும் முடித்தாக வேண்டும் என்று இழுத்துச் செல்வதுதான் தவறு.

பக், புல்டாக், ஷிட்சு போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகலானது. நாய்கள் உடல் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் இரைப்பதன் மூலம்தான். வியர்வை சுரப்பது பாதங்களில் மட்டும், அதுவும் சொற்பம். அப்படியிருக்க, இரைப்பதற்கே சிரமப்படும் நாய்க்கு ஏற்றம் இரட்டைச் சுமை. இவற்றைக் கூட்டிப் போவதென்றால் குளிர்ந்த வேளையில், முதல் ஏற்றத்தின் பாதியோடு திரும்பிவிடும் மனநிலையில் போங்கள்.

டாஷ்ஹண்ட் போல முதுகு நீண்ட, கால் குட்டையான நாய்களுக்கு முதுகெலும்பு வட்டு பிசகும் அபாயம் உண்டு. படிகள் வந்தால் தூக்கிக்கொள்வது நல்லது. இடுப்பு மூட்டுத் தேய்மானம், முழங்கால் தசைநார்க் கிழிசல், இதயக் கோளாறு ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். எடை கூடிய நாய்க்குச் சமதளத்தில் சில வாரம் நடந்து உடம்பு பழகிய பிறகு மேடு போதும்.

ஆரோக்கியமான நாய்க்கு நான் வைக்கும் சோதனை எளிது. சமதளத்தில் அரை மணி நேரத்துக்கும் மேலாக வேகநடை நடக்க வையுங்கள். நிழலில் நின்ற பத்து நிமிடத்துக்குள் இரைப்பு அடங்குகிறதா? மறுநாள் காலை படுக்கையிலிருந்து விறைப்பில்லாமல் எழுகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மேட்டுப் பாதைக்குப் போகலாம்.

வெறிநோய்த் தடுப்பூசி உள்ளிட்டவை முறையாகப் போட்டிருக்க வேண்டும். பாதை ஓரத்தில் புல், புதர் இருந்தால் உண்ணி கட்டாயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, அதற்கான மருந்தையும் முன்கூட்டியே மருத்துவர் சொன்னபடி கொடுத்துவிடுங்கள்.

2. முதலில் நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நாய் இல்லாமல் ஒருமுறை நடந்தால் கண்ணில் படுவது நிறைய. நாய்களை அனுமதிக்கிறார்களா, கயிற்றோடுதான் வர வேண்டுமா என்று நுழைவுப் பலகையில் பாருங்கள். பிறகு தரை. “பெரும்பாலும் தார்” என்றால் மீதி என்ன? சரளை, மரவேர், கல்படி, மழைநீர் வடிகால் மேல் போட்ட இரும்புக் கம்பி மூடி என்று எதுவாகவும் இருக்கலாம். கம்பி இடைவெளியில் சிறிய நாயின் பாதமோ நகமோ மாட்டிக்கொள்ளும். பல நாய்கள் அதைப் பார்த்ததும் தாண்டிக் குதிக்கப் பார்க்கும். இறக்கத்தில் அப்படிக் குதித்தால் தோள் தாங்காது.

சரிவையும் கணக்கிடுங்கள். 100 மீட்டர் நடக்கையில் 10 மீட்டர் உயர்ந்தால் அது 10 சதவீதச் சரிவு. கோணத்தில் ஆறு டிகிரிக்கும் சற்றுக் குறைவுதான், ஆனால் நடந்து பார்த்தால் மூச்சு வாங்கும். கைபேசியில் உயரம் காட்டும் செயலி இருந்தால் கீழேயும் மேலேயும் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

நிழல் எங்கே, குடிநீர் எங்கே, எதிரே வருபவர் தெரியாத வளைவு எங்கே, சைக்கிள்கள் வேகமாக இறங்கும் இடம் எங்கே, நடுவழியில் வெளியேற வேறு வழி உண்டா என்பவற்றையெல்லாம் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். நாயோடு போகும் நாளில் ஒரு கை கயிற்றிலும் ஒரு கண் நாய் மீதும் இருக்கும். புதிதாகப் பாதையைப் படிக்க நேரம் இருக்காது.

சுற்றுப் பாதையாக இருந்தால் எந்தத் திசையில் சுற்றுவது? செங்குத்தான பக்கம் ஏறி, சாய்வு குறைந்த பக்கம் இறங்குங்கள். நமக்கு இது கொஞ்சம் மூச்சு முட்டும், ஆனால் நாயின் மூட்டுகளுக்கு இதுதான் நல்லது. போன வழியே திரும்பும் பாதையாக இருந்தால் அது இறக்கத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படித் தொடங்கினால் எச்சரிக்கை தேவை. கீழே போகும்போது எல்லாம் சுலபமாகத் தெரியும். நாய் களைத்த பிறகு, வெயிலும் ஏறிய பிறகுதான் ஏற்றம் வரும். அத்தகைய பாதையில் நாய் இன்னும் துள்ளிக்கொண்டிருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.

3. ஹார்னஸ், கயிறு

கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டி மேட்டுப் பாதையில் நடப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நாய் இழுக்கும்போது அழுத்தம் முழுவதும் தொண்டையில் விழுகிறது. ஏறுவதற்குக் காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில் மூச்சுக்குழாயையே அழுத்துகிறோம். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமும் இதனால் கூடும். மூச்சுக்குழாய் தளர்ந்துபோகும் கோளாறு சிறிய இனங்களில் சாதாரணம். அவற்றுக்கு இது இன்னும் கெடுதல். பெயர், தொலைபேசி எண் பொறித்த வில்லைக்காகப் பட்டை கழுத்தில் இருக்கட்டும். கயிறு ஹார்னஸில், அதாவது மார்பையும் முதுகையும் சுற்றி மாட்டும் வாரில், இருக்கட்டும்.

ஹார்னஸ் வாங்கும்போது முன்பக்கம் ஆங்கில ‘ஒய்’ எழுத்து வடிவில் மார்பெலும்பின் மேல் இறங்குவதாகப் பாருங்கள். தோள்களுக்குக் குறுக்கே கிடையாகப் பட்டை ஓடும் வகை முன்னங்கால் நீட்டலைத் தடுக்கும். சமதளத்தில் பெரிதாகத் தெரியாது, இறக்கத்தில் நாய் தயங்கித் தயங்கிக் கால் வைப்பதில் தெரியும். மாட்டிய பிறகு எந்தப் பட்டைக்கு அடியிலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால், அக்குளில் உரசாமல் இருக்க வேண்டும். மார்பிலும் முதுகிலும் என இரண்டு வளையங்கள் இருந்தால் இன்னும் நல்லது. இழுக்கும் நாய்க்கு மார்பு வளையம் உதவும்.

கயிறு ஒன்றரை மீட்டர் அளவில் இருந்தால் போதும். இழுக்க இழுக்க நீண்டு, விட்டால் சுருட்டிக்கொள்ளும் வகை இந்தப் பாதைக்கு ஆகாது. இறக்கத்தில் நாய் வேகம் பிடிக்க அது இடம் கொடுக்கிறது, கயிறு முடியும் இடத்தில் இரண்டு பேருக்கும் ஒரே குலுக்கல். வளைவைத் தாண்டி நாய் போய்விட்டால் எதிரே வரும் சைக்கிள்காரருக்குக் கயிறு தெரியாது.

கயிற்றைப் பிடிக்கும் விதமும் முக்கியம். கைப்பிடி வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடியுங்கள். விரல்களிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். நாய் திடீரென்று பாய்ந்தால் விரல் முறியும். சறுக்கி விழும்போது கையை விடுவிக்கவும் முடியாது.

4. நேரமும் தரையின் சூடும்

வெறும் மண்ணைவிடத் தார் வெயிலை அதிகம் வாங்கி வைத்துக்கொள்ளும். காற்று 25 டிகிரி செல்சியஸ் என்று இதமாக இருக்கும் நாளிலும் நேரடி வெயிலில் கிடக்கும் தார் 50 டிகிரியைத் தொடக்கூடும். அந்தச் சூட்டில் சில நிமிடம் தொட்டுக்கொண்டிருந்தாலே தோல் வெந்துவிடும். நாயின் உள்ளங்கால் தடித்ததுதான், ஆனாலும் அது தோல்தான்.

புறங்கையைத் தரையில் அழுத்தி ஏழு விநாடி எண்ணுங்கள். அதற்குள் எடுக்கத் தோன்றினால் நாய் அதில் நடக்கக் கூடாது. வண்டி நிறுத்துமிடத்தில் மட்டும் தொட்டுப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். அங்கே மர நிழல் இருக்கலாம். மேலே, சூரியனைப் பார்த்தபடி இருக்கும் சரிவில் பாதை வெறும் வெயிலில் கிடக்கலாம். வெயில் படும் முதல் இடத்தில் மறுபடி தொட்டுப் பாருங்கள்.

மாலையைவிட அதிகாலை நல்லது. சூரியன் சாய்ந்த பிறகும் தார் தன் சூட்டை உடனே விடாது. காற்று குளிர்ந்திருப்பதை நம்பிக் கிளம்பினால் பாதத்துக்கு அது பொருந்தாது. காற்றில் ஈரப்பதம் அதிகமுள்ள நாட்களில் இன்னொரு சிக்கல் உண்டு. இரைக்கும்போது நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியானால்தான் சூடு தணியும். புழுக்கத்தில் அது சரியாக நடக்காது. வெப்பமானி சுமாரான எண்ணைக் காட்டினாலும் புழுக்கமான நாளில் ஏற்றத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

மழைக்குப் பிறகு வேறு கவனம் வேண்டும். ஈரத் தாரில் உதிர்ந்த இலையும் பாசியும் சேர்ந்தால் உங்கள் கால்தான் முதலில் வழுக்கும். தேங்கிய நீரை நாய் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலிச் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும்.

5. எதை எடுத்துப் போவது

தண்ணீரும் மடக்குக் கிண்ணமும், மலப்பைகள் தேவைக்கு அதிகமாகவே, வாயில் போட்டதும் கரையும் சிறு தின்பண்டம், ஒரு துணி, உண்ணி எடுக்கும் இடுக்கி, பாதத்தில் சுற்ற ஒட்டாத கட்டுத்துணி, கைபேசியில் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையின் எண் ஆகியவை போதும். குட்டையான பாதைக்கு முதுகு கொள்ளாத மூட்டை தேவையில்லை. ஆனால் தண்ணீரில் சிக்கனம் வேண்டாம். குடிக்க மட்டுமல்ல, அவசரத்தில் நாயின் உடம்பில் ஊற்றவும் அதுதான் இருக்கிறது.

புறப்படுவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பாடு போடாதீர்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் உயிராபத்தான நிலை வரலாம். முழு வயிற்றோடு ஓட்டமும் குதிப்பும் அவற்றுக்கு வேண்டவே வேண்டாம்.

6. தொடக்கம்

வண்டியிலிருந்து குதித்து இறங்கிய நாயை நேராக ஏற்றத்தில் விடக் கூடாது. ஐந்து நிமிடமாவது சமதளத்தில் மெதுவாக நடக்கட்டும், முகரட்டும், மலசலம் கழிக்கட்டும். தசைகள் சூடாகும். முதல் பரபரப்பும் அடங்கும். கயிறு தளர்ந்து தொங்குகிறதா, உங்கள் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். சமதளத்திலேயே கேட்காத நாய் இறக்கத்தில் கேட்காது.

7. ஏற்றம்

ஏறும்போது எடை பின்னங்கால்களுக்குப் போகிறது. தொடை, இடுப்புத் தசைகள் உந்தித் தள்ள வேண்டும். ஆரோக்கியமான நாய்க்கு இது அருமையான பயிற்சி. ஆனால் வேகத்தை நாய் தீர்மானிக்கட்டும். பின்தங்கும் நாயைக் கயிற்றால் இழுத்து ஏற்றாதீர்கள். அது நின்று முகர்ந்தால் நிற்க விடுங்கள். மோப்பம் நாய்க்குப் பெரிய மனநிறைவு, ஏற்றத்தில் அதுவே ஓய்வாகவும் அமைகிறது.

நேர்மாறாக, முழு பலத்தோடு உங்களை இழுத்துக்கொண்டு ஏறும் நாயும் உண்டு. நமக்கு ஏறுவது சுலபமாகிவிடுவதால் அதை விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். மேலே போகும்போது இழுக்கலாம் என்று பழகிய நாய் கீழே வரும்போதும் இழுக்கும். கயிறு இறுகியவுடன் நில்லுங்கள், தளர்ந்ததும் நடங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இறங்கும்போது அதன் பலன் கிடைக்கும்.

பாதை அகலமாகவும் ஆளில்லாமலும் இருந்தால் செங்குத்தான துண்டுகளில் குறுக்கும் நெடுக்குமாக வளைந்து ஏறுங்கள். வயதான நாய்க்கு இது பெரிய உதவி. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை நிழலில் நின்று கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். ஒரே மூச்சில் கிண்ணம் நிறையக் குடிக்க விடுவதைவிட அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுப்பதே நல்லது.

நிற்கும் ஒவ்வொரு முறையும் நாயின் முகத்தைப் பாருங்கள். சாதாரண இரைப்பில் வாய் தளர்வாக இருக்கும், காதுகள் சுற்றுமுற்றும் திரும்பும், கண் உங்களைத் தேடும். நாக்கு வழக்கத்தைவிட நீண்டு, நுனி அகன்று, ஓரங்கள் மேலே மடங்கியிருந்தால் உடல் சூடு ஏறுகிறது என்று பொருள். அப்போது அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டத்தை மூக்கருகே நீட்டுங்கள். எடுத்துக்கொண்டால் ஓய்வு போதும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைய ஏற்றம் அத்தோடு முடிந்தது.

8. உச்சி

மேலே போய்ச் சேர்ந்ததும் படம் எடுத்துவிட்டு உடனே இறங்காதீர்கள். இரைப்பு அடங்கி வாயை மூடும்வரை நிழலில் இருக்கட்டும். இந்த நேரத்தில் நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். விரல்களுக்கிடையே சரளைக் கல் சிக்கியிருக்கலாம். உள்ளங்கால் சிவந்து, வழவழவென்று தேய்ந்திருந்தால் தார் அதை அரைத்துக்கொண்டிருக்கிறது. நகங்கள் நீளமாக இருந்தால் இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் தரையில் இடித்து விரலைப் பின்னுக்குத் தள்ளும். பாதையில் நடந்து நடந்து மற்ற நகங்கள் தேய்ந்துவிடும். தரையைத் தொடாத பக்கவாட்டு நகம் மட்டும் தேயாமல் வளர்ந்து, சில நாய்களில் சதைக்குள்ளேயே குத்தும். அதை வீட்டில் வெட்டிவிட்டுத்தான் வர வேண்டும்.

9. இறக்கம்

நிற்கும் நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள் தாங்குகின்றன. கீழ்நோக்கிச் சாய்ந்தால் பங்கு இன்னும் கூடும். மனிதரைப் போல் நாய்க்குத் தோளை உடலோடு பிணைக்கும் காறையெலும்பு இல்லை. முன்னங்கால்கள் தசைகளாலும் தசைநார்களாலும் மட்டுமே உடம்போடு இணைந்திருக்கின்றன. இறக்கத்தில் ஒவ்வொரு அடியின் அதிர்வையும் தோள் தசைகள் ஏந்துகின்றன. மணிக்கட்டும் முழங்கையும் வாங்குகின்றன. மண் தரை அதிர்வில் கொஞ்சத்தை விழுங்கிக்கொள்ளும், தார் அப்படிச் செய்யாது. அதனால்தான் ஓட்டமாக இறங்குவதை இவ்வளவு வலியுறுத்தி மறுக்கிறேன்.

நடையாகவே இறங்க வேண்டும். நான்கு கால்களும் தனித்தனியாக விழும் நடை. துள்ளலோட்டத்துக்கு மாறியதும் நின்றுவிடுங்கள். அரை நிமிடம் நிற்க, நாய் திரும்பிப் பார்க்கும். பார்த்ததும் பாராட்டி, மறுபடி நடங்கள்.

நாய் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ வர வேண்டும். முன்னால் போய் இழுத்தால் அதன் எடையும் சரிவும் சேர்ந்து உங்களைக் கீழே சாய்க்கும். இதைச் சமதளத்திலேயே பழக்கிவிடலாம். “மெதுவா” என்று சொல்லி, நாய் முழங்காலருகே வந்ததும் அந்த இடத்திலேயே, கையை ஒட்டித் தின்பண்டம் கொடுங்கள். எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் நாய் வரும். முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னால்தான் போகும். சமதளத்தில் நன்றாகப் படிந்த பிறகு இலேசான சரிவில், பிறகு செங்குத்தில் என்று நகர்த்துங்கள். இறக்கத்தில் தொடக்கத்தில் நாலைந்து அடிக்கு ஒருமுறை கொடுக்க வேண்டியிருக்கும். அன்றைய உணவில் அந்த அளவைக் கழித்துக்கொண்டால் எடை ஏறாது.

உங்கள் உடம்பையும் சரிசெய்துகொள்ளுங்கள். முழங்காலைச் சற்று மடக்கி, அடியைச் சிறியதாக வையுங்கள். தார் மேல் சரளை சிதறிய இடங்கள்தான் கால் வாரும் இடங்கள். அங்கே கயிற்றைச் சற்றுக் குறுக்கிப் பிடித்து, நாயை நிறுத்தி, நீங்கள் முதலில் கால் வைத்து, பிறகு நாயை வரச் சொல்லுங்கள்.

படிகள் வந்தால் ஒவ்வொரு படியாக இறங்கட்டும். மூன்று படிகளை ஒரே தாவலில் கடக்கும் பழக்கம் பெரிய நாய்களுக்கு வந்துவிடும். சிறிய நாயையோ முதுகு நீண்ட நாயையோ தூக்குவதென்றால் ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை பின்பக்கத்துக்கு அடியிலும் இருக்கட்டும். முதுகு கிடையாக இருக்க வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தொங்கத் தூக்கக் கூடாது.

நொண்டலைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சமதளமான இடம் வந்ததும் நாயை உங்களை நோக்கி நடக்கச் சொல்லித் தலையைக் கவனியுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். காலையே பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாத சிறு நொண்டலும் தலையசைவில் காட்டிக்கொடுத்துவிடும். பின்னங்கால் என்றால் பின்னால் நின்று இடுப்பைப் பாருங்கள். வலிக்கும் பக்கத்து இடுப்பு அதிகமாக ஏறி இறங்கும். தெரிந்தால் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், நின்று நின்று, முடிந்தால் தூக்கிக்கொண்டு இறங்குங்கள்.

10. பாதையில் மற்றவர்கள்

பாவிய பாதை என்றால் குழந்தை வண்டி, சைக்கிள், ஓடுபவர், முதியவர் எல்லோரும் வருவார்கள். நாயைப் பாதையின் ஓரப்பக்கம் வைத்து, மக்களுக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் இருங்கள். ஓரம் பள்ளமாக இறங்கினால் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மறைவான வளைவுக்கு முன்பே கயிற்றைக் குறுக்கிவிடுங்கள். சைக்கிள் இறங்கி வந்தால் ஓரமாக ஒதுங்கி நாயை உட்கார வைத்து, கடந்து போகும்வரை தின்பண்டம் கொடுங்கள். உங்கள் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் எதிரே வருபவருக்கு அது தெரியாது, நாயைக் கண்டால் நடுங்குபவராகவும் அவர் இருக்கலாம்.

எதிரே வேறொரு நாய் வந்தால் குறுகிய பாதையில் நேருக்கு நேர் சந்திக்க விடாதீர்கள். நாய்களின் மொழியில் நேரே முகத்துக்கு முகம் வருவது மரியாதையல்ல. ஓரத்தில் இடம் விட்டு, வளைந்து கடந்துபோங்கள்.

மலத்தைப் பையில் எடுத்து, குப்பைத்தொட்டி வரும்வரை சுமந்து வர வேண்டும். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பையைக் கட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நாயின் மலத்தில் இருக்கும் உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்ணில் கைவைத்து விளையாடும் குழந்தைகளுக்கு அது போய்ச் சேரும். சரிவான பாதையில் மழை வந்தால் அத்தனையும் அடித்துக்கொண்டு கீழே வரும்.

11. சூடு தலைக்கேறினால்

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கத் தொடங்கும். மூச்சு கரகரத்து நிற்காமல் இரைப்பது, கெட்டியாக நூல்போல் எச்சில் வடிவது, ஈறு செங்கல் நிறமாகவோ வெளுத்தோ போவது, தள்ளாடுவது, வாந்தி, எழ மறுப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்த இடத்திலேயே நடையை நிறுத்துங்கள்.

முதலில் குளிர்விப்பது, பிறகு கொண்டுபோவது. வரிசை மாறக் கூடாது. நிழலுக்குக் கொண்டுவந்து, இருக்கும் தண்ணீர் முழுவதையும் உடம்பில் ஊற்றுங்கள். தோல்வரை நனைய வேண்டும். முடியைக் கையால் பிரித்துவிட்டு ஊற்றுங்கள். வயிறு, அக்குள், தொடையிடுக்கு எதையும் விட வேண்டாம். மூக்கிலும் வாயிலும் ஊற்றக் கூடாது. ஊற்றிய பிறகு விசிறுங்கள், காற்றுப்பட்டால்தான் சூடு இறங்கும். ஈரத் துணியை மேலே போர்த்தி விடுவது தவறு. சற்று நேரத்தில் துணி சூடாகி, வெப்பத்தை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். சுயநினைவோடு இருந்தால் குடிக்கத் தண்ணீர் நீட்டலாம், புகட்டக் கூடாது. நனைத்த பிறகு, மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிட்டு, வண்டியில் காற்றோட்டத்தோடு கொண்டுபோங்கள். நாய் தெளிந்தது போல் தோன்றினாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். சிறுநீரகம், இரத்தம் உறையும் தன்மை போன்றவற்றில் ஏற்பட்ட பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படும்.

12. வீடு திரும்பிய பிறகு

பாதங்களைச் சாதாரண நீரில் கழுவி, விரலிடுக்குகளையும் துடைத்து உலர்த்துங்கள். தோல் உரிந்திருந்தாலோ கொப்புளம் இருந்தாலோ கட்டி, மருத்துவரிடம் காட்டுங்கள். நாய் ஓயாமல் ஒரே பாதத்தை நக்கினால் அங்கே ஏதோ இருக்கிறது.

பிறகு உண்ணிச் சோதனை. காதின் உட்புறம், கண்ணிமை ஓரம், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், தொடையிடுக்கு, விரல்களுக்கிடையே, வால் தொடங்கும் இடம் என்று விரல்நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணால் பார்ப்பதைவிட விரலுக்கு முதலில் தட்டுப்படும். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நிதானமாக நேராக இழுங்கள். எண்ணெய் விடுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். அப்போது உண்ணி தன் உமிழ்நீரை இன்னும் அதிகமாக உள்ளே விடக்கூடும், நோய்க்கிருமிகள் இருப்பது அதில்தான்.

சாப்பாட்டை இரைப்பு முழுவதும் அடங்கிய பிறகு கொடுங்கள்.

பாதை நாய்க்குப் பொருந்தியதா என்பது மறுநாள் காலை தெரியும். எழும்போது முன்னங்காலை நீட்டத் தயங்குவது, பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்துவைத்துத் தாவுவது, சோபாவில் ஏறும் நாய் ஏறாமல் நிற்பது, பின்னங்கால் நகம் தரையில் உரசும் சத்தம் ஆகியவை அளவு மீறிவிட்டது என்பதைக் காட்டும். ஒரு நாள் ஓய்வில் சரியானால் அடுத்த முறை பாதி தூரம் போதும். இரண்டாம் நாளும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதர் சாப்பிடும் வலி மாத்திரைகளை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஐபுபுரோஃபென் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஒன்றும் இல்லாமல் வழக்கம்போல் எழுந்து வந்தால், ஒன்றிரண்டு வாரம் அதே தூரத்தை நிலையாக வைத்திருங்கள். பிறகு தூரத்தைக் கூட்டுவதா, சரிவைக் கூட்டுவதா என்றால் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் கூட்டுங்கள். இரண்டையும் சேர்த்துக் கூட்டிவிட்டு நாய் நொண்டினால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.